எடுத்த கைக்குத் தெரியும்

“ரெண்டு கிளார்க்கும் பார்த்தது நிஜம். யாரும் பொய் சொல்லலை. அப்போ தப்பு எந்த இடத்துல சார் நுழைஞ்சது?”

எழுபதுகளில் ஒருநாள், போர்ட் பிளேர் கப்பல் ஜெட்டியில் ஃபிலோமினா டீச்சர் என்னிடம் கேட்டது. போன வாரம் போர்ட் பிளேர் பக்கத்துக் கராச்சர்மாவில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் மகள் தூத்துக்குடியிலிருந்து கூப்பிட்டாள். “அம்மா காலைல போயிட்டாங்க, அங்கிள்.” எந்த ஊருக்கு என்று கேட்டுவிட்டேன்.

எங்களோடு பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கப்பல் டிக்கெட் அறை நினைவிருக்கும். ஒவ்வொரு படுக்கைக்கும் ஆணியில் ஒரு தகரத் தகடு தொங்கும். கிளார்க் தகடு இருக்கிறதா என்று பார்ப்பார், டிக்கெட் எழுதுவார், பிறகு எழுந்துபோய்த் தகட்டைக் கழற்றுவார். அன்று மிச்சம் ஒரே தகடு. இரண்டு கிளார்க்குகளும் அதைப் பார்த்தார்கள். ஒருவர் டீச்சருக்கு எழுதினார், மற்றவர் எனக்கு. டீச்சரின் அம்மா தூத்துக்குடியில் சாகக் கிடந்தார். எனக்கு மதுரையில் கல்யாணம். அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

“தோனோ டிக்கெட் சஹி ஹை, மாஸ்டர்ஜி” என்றார் கிளார்க். இரண்டும் சரியான டிக்கெட்தானாம், படுக்கைதான் ஒன்று.

“நீங்க ஏறுங்க சார். மாப்பிள்ளை இல்லாம யாரு தாலி கட்டுறது?”

“தாலி காத்திருக்கும் டீச்சர். அம்மா காத்திருப்பாங்களா?”

கப்பல் ஏணியில் கால் வைத்த டீச்சர் திரும்பி நின்றுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். அம்மாவைக் கண் திறந்திருக்கும்போதே பார்த்துவிட்டார். என் மாமனார் மட்டும் கடைசிவரை என்னைக் ‘கப்பலை விட்ட மாப்பிள்ளை’ என்றே அழைத்தார்.

பின்னால் டீச்சர் மெயின்லேண்டுக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்தார். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிப்பகுதியான கெர்னலில் வேலை. ஒருமுறை சென்னையில் எனக்கு விளக்கினார். பிட் என்பது அந்தத் தகடு மாதிரி: தொங்கினால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம். ஒரே பிட்டை நோக்கிக் கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர்கள் பல ஒரே சமயத்தில் கை நீட்டும். பழைய நிரலில் அறையைப் பூட்டி, பார்த்து, எடுத்து, பூட்டைத் திறக்க வேண்டியிருந்ததாம். அவர் பூட்டையே நீக்கிவிட்டார். பிட்டை மாற்றுவதும், அதற்கு முன் அது என்னவாக இருந்தது என்று சொல்வதும் இப்போது பிரிக்க முடியாத ஒரே செயல்.

“பார்க்காம எப்படி டீச்சர் எடுக்கிறது?”

“எடுத்த கைக்குத் தெரியாதா சார்? தகடு வந்தா இடம் உங்களுது. வெறுங்கைன்னா அடுத்தவருது.”

“காலி ஆணில கை வச்சா?”

“காலி காலியாவே இருக்கும். யாருக்கு என்ன நஷ்டம்?”

தலையாட்டினேன். புரியவில்லை. பார்க்காமல் எதையும் செய்யாதே என்றுதானே வகுப்பில் முப்பது வருஷம் சொல்லி வந்தேன்?

செய்தி வந்த அன்று மாலை கரண்ட் போனது. வெளியே கிளம்பிய நானும் மனைவியும் இருட்டில் ஆணியில் இருந்த சாவிக்குக் கை நீட்டினோம்.

“சாவி யார்கிட்ட, சொல்லுங்க பார்க்கலாம்?” என்றாள்.

என் கை வெறுமையாக இருந்தது. “உன்கிட்டதான்” என்றேன், எதையும் பார்க்காமலே. அன்று கிளார்க்குகள் தகட்டைப் பார்ப்பதற்கும் எடுப்பதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. தப்பு அங்கேதான் நுழைந்தது. இதைச் சொல்ல டீச்சர் இல்லை.

இன்னும் முழுக்கத் தெளிந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஏணியடியில் கேட்ட அந்தக் கேள்வியைத்தான். நீங்களும் ஆணியில் ஒரு சாவியை மாட்டி, இரண்டு பேராகக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பாருங்கள்.