ஜீப்பு 'ஷி', பேச்சி 'அது'

முதல் நாள்

கல்லூரியில் எங்களுக்கு ஆங்கில இலக்கணம் எடுத்த பேராசிரியை ஒருநாள் பால் பற்றிப் பாடம் நடத்தினார். ஆணை 'ஹி' என்றும், பெண்ணை 'ஷி' என்றும், மற்றதையெல்லாம் 'இட்' என்றும் சொன்னால் முடிந்தது. கப்பலையும் நாட்டையும் மட்டும் சிலர் ஆசையாக 'ஷி' என்பார்கள் என்றார். தாமிரபரணியில் ஏது கப்பல், இது நமக்கெதற்கு என்று நான் அந்தப் பக்கத்தைப் படிக்காமலே விட்டுவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அது என் முன்னால் வந்து நின்றது.

தொண்ணூறுகளின் தொடக்கம். பாளையங்கோட்டையிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் வேலை. இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஹெலன் டாக்டரம்மாவுக்கும் நோயாளிகளுக்கும் நடுவில் நின்று, இவர் பேச்சை அவர்களுக்கும் அவர்கள் பேச்சை இவருக்கும் சொல்ல வேண்டும். அன்று காலை கிராமத்து கேம்ப்புக்குப் புறப்பட்டால் ஜீப் கிளம்பவில்லை. டாக்டரம்மா பானெட்டைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, "ஷி ஈஸ் இன் எ பேட் மூட் டுடே" என்றார். நான் கடமையாக மொழிபெயர்த்தேன்.

"அவளுக்கு இன்னைக்கு மனசு சரியில்லையாம்."

டிரைவர் அந்தோணி அண்ணாச்சி பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். "யாருக்கு? உள்ள பொம்பள யாரையும் காணுமே."

"ஜீப்பைத்தான் சொல்லுதாக, அண்ணாச்சி."

"அப்படியா? இத்தன வருசமா ஓட்டுதேன், தெரியாமப் போச்சே" என்றவர், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மரியாதையாக மடியில் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரி முழுக்க ஜீப்புக்கு 'அவ' என்றே பேர்.

பேச்சி

பத்தமடைப் பக்கத்துக் கிராமம் பேச்சிக்கு. முதுகெலும்பில் டி.பி. வந்து, இடுப்பிலிருந்து மார்பு வரை மாவுக்கட்டு போட்டுப் படுக்க வைத்திருந்தோம். புருஷன் சுடலைமுத்து வாழைத் தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பவர். பிள்ளைகள் இல்லை. தினமும் வேலை முடிந்ததும் பஸ் பிடித்து வந்துவிடுவார். மீன் கொண்டுவந்தால் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டுவிட்டுத்தான் பேச்சிக்கு ஊட்டுவார்.

எங்கள் பக்கத்தில் புருஷன் அடுத்தவரிடம் பெண்டாட்டியைப் பற்றிப் பேசும்போது 'அது' என்பது வழக்கம். பெயரைச் சொல்லக் கூச்சம். 'அவ' என்றால் அதட்டுகிற மாதிரி இருக்கும். 'அது' என்னும்போது பச்சைப்பிள்ளையைச் சொல்வதுபோல ஒரு வாஞ்சை வந்துவிடும். பெண்டாட்டியோ புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டாள், 'அவுக' என்பாள். நான் 'அது'வை 'ஷி' என்றும் 'அவுக'வை 'ஹி' என்றும் மாற்றிச் சொல்லிக்கொண்டே இருந்ததால் டாக்டரம்மாவுக்கு இந்தச் சங்கதியே தெரியாது.

பேச்சிக்கு வீட்டுக்குப் போகும் நாள் நெருங்கியது. இன்னும் ஆறு மாதம் எழுந்திருக்கக் கூடாது. புரட்டிப் போட, துடைத்துவிட, மாத்திரை கொடுக்கப் பக்கத்தில் ஆள் வேண்டும். அந்த நேரம் பார்த்து நான் தென்காசியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன்.

டாக்டரம்மா அப்போது இலக்கணப் புத்தகம் வைத்துத் தமிழ் படித்துக்கொண்டிருந்தார். நான் இல்லாத நாளில், தானே பேசிப் பார்ப்போமே என்று வார்டுக்குப் போயிருக்கிறார். நடந்ததை ஸ்டெல்லா சிஸ்டர்தான் எனக்குச் சொன்னார்.

"அது தனியா இருக்காது டாக்டரம்மா. அதுக்கு இருட்டுன்னா பயம்" என்றிருக்கிறார் சுடலைமுத்து.

"எது?"

"இதோ, இதுதான்" என்று அவர் பேச்சியைக் காட்டியிருக்கிறார்.

டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டதாம். பேச்சியிடம் திரும்பி, "வீட்டில் உன்னைப் பார்த்துக்கொள்வது யார்?" என்று கேட்டிருக்கிறார்.

"அவுகதான்."

புத்தகத்தில் 'அவர்கள்' பன்மை. "எத்தனை பேர்?" என்று டாக்டரம்மா கேட்க, பேச்சி சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தை மூடிக்கொண்டாளாம். டாக்டரம்மா அதை அழுகை என்று நினைத்துவிட்டார். புருஷன் இவளை ஆடுமாடு போல நினைக்கிறான், அக்கம்பக்கத்தார்தான் பார்த்துக்கொள்கிறார்கள் என்று முடிவுகட்டினார். "மனைவி அஃறிணை அல்ல. இனிமேல் மரியாதையாகச் சொல்" என்று சுடலைமுத்துவைக் கண்டித்துவிட்டு, பேச்சியை மதுரைக்கு அப்பால் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு இல்லத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டார்.

அவுக

நான் திரும்பி வந்தபோது பேச்சி சுவரைப் பார்த்துத் தலையைத் திருப்பிக் கிடந்தாள். தட்டில் சோறு அப்படியே இருந்தது. என்னவென்று கேட்டதும் உடைந்துவிட்டாள்.

"எக்கா, அவுக என்னைய 'அவுக'ங்காக. 'அவுக சாப்புட்டாகளா, அவுக ஒறங்குனாகளா'ன்னு சிஸ்டர்ட்ட கேக்காக. என்னைய அத்துவிட்டுட்டாகளா எக்கா? சீக்காளின்னு எங்கனயோ அனுப்புதாகளாமே?"

வெளியே வேப்பமரத்தடியில் சுடலைமுத்து குத்தவைத்திருந்தார்.

"ஏன்யா இப்படிப் பேசுதீய? உள்ள அழுதுக்கிட்டு கெடக்கு."

"நான் என்ன செய்ய? மரியாதையாச் சொன்னா எங்கூட அனுப்பிருவாகன்னு நெனச்சேன். அத… அவுகள நான் கூட்டிட்டுப் போவணும்லா" என்றார். அந்தச் சொல் அவர் வாயில் வரவே சிரமப்பட்டது.

டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் கேட்பதாக இல்லை. "நீ நல்ல பெண். அந்த மனிதனைக் காப்பாற்றப் பார்க்கிறாய். 'அது' என்றால் 'இட்'. நான் படித்திருக்கிறேன். மனைவியை ஒரு பொருளாக நினைப்பவன் கையில் ஆறு மாதம் அவளை எப்படி ஒப்படைப்பேன்?" என்றார். கோபத்திலும் அவர் கண் கலங்கியிருந்தது. பேச்சி நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அவரும் நினைத்தார். அதனால்தான் என்னால் அவரோடு சண்டை போட முடியவில்லை.

ஜீப்படியில்

மறுநாள் காலை பேச்சியை ஸ்ட்ரெச்சரோடு போர்ட்டிகோவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போய் ரயில் ஏற்ற வேண்டும். அந்தோணி அண்ணாச்சி சாவியைத் திருகினார். ஜீப் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கிவிட்டது.

டாக்டரம்மா பானெட்டில் கையை வைத்தார். "புவர் திங். ஷி ஈஸ் டயர்ட். லெட் ஹெர் ரெஸ்ட் எ லிட்டில்" என்றார்.

ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் சுடலைமுத்து துண்டால் பேச்சியின் நெற்றி வேர்வையை ஒற்றிக்கொண்டிருந்தார். மரியாதையெல்லாம் மறந்துபோய் சிஸ்டரிடம், "அது அசந்துபோச்சு. செத்த நேரம் கெடக்கட்டும்" என்றார்.

அந்தோணி அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "பாப்பா, அவரு சொன்னத டாக்டரம்மாவுக்குச் சொல்லு. அதுக்குத்தான் சம்பளம் தாராக."

நான் சொன்னேன்: "ஷி ஈஸ் டயர்ட். லெட் ஹெர் ரெஸ்ட் எ லிட்டில்."

"அதைத்தான் இப்போது நான் சொன்னேனே" என்றார் டாக்டரம்மா.

"நீங்கள் ஜீப்பைச் சொன்னீர்கள் டாக்டர். அவர் பேச்சியைச் சொன்னார்."

டாக்டரம்மா பானெட்டின் மேலிருந்த தன் கையைப் பார்த்தார். பிறகு பேச்சியின் நெற்றியில் இருந்த சுடலைமுத்துவின் கையைப் பார்த்தார். பேச்சி கண்ணைத் திறந்து புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் 'அது' என்றது அவள் காதில் விழுந்துவிட்டது.

"தண்ணி தாங்க" என்றாள். சுடலைமுத்து அவள் தலையைத் தாங்கிக் குடிக்கக் கொடுத்தார். ஒரு சொட்டுகூடக் கழுத்தில் வழியவில்லை.

அரை மணி நேரம் கழித்து ஜீப் கிளம்பியது. டாக்டரம்மா டிரைவரிடம் தன் தமிழிலேயே சொன்னார்: "ஜங்ஷன் வேண்டாம். பத்தமடைக்குப் போங்கள்." பின்னால் ஏறி, ஸ்ட்ரெச்சர் ஆடாமல் ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் சுடலைமுத்துவுமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு கேம்ப்புக்குப் போகும்போதெல்லாம் அந்த வீட்டு வாசலில் நிறுத்துவோம். பேச்சி உள்ளே கிடந்தபடியே ஜீப் சத்தம் கேட்டு, "அவ வந்துட்டா" என்பாள். டாக்டரம்மா குனிந்து வாசலுக்குள் நுழைந்து சுடலைமுத்துவிடம் கேட்பார்: "அது சாப்பிட்டதா?"

"சாப்புட்டுச்சு, டாக்டரம்மா."

அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. என் வேலையில் நான் சும்மா நின்ற நேரங்களில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: 'இட்'டா 'ஷி'யா என்று குழப்பம் வந்தால், சொன்னவரின் கை அப்போது எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.