அவன் கை வைத்துக் காட்டிய வேகன்

எழுபத்தொன்றாம் வருஷக் கோடை. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே ஒரு சரக்கு யார்டில் எனக்கு நம்பர் எழுதும் வேலை. கூட்ஸ் வண்டி வந்து நின்றதும் நோட்டை எடுத்துக்கொண்டு முதல் வேகனிலிருந்து கடைசி வேகன் வரை நடக்க வேண்டும். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் வெள்ளைப் பெயிண்டில் இருக்கும் நம்பரை எழுத வேண்டும். அந்த லிஸ்ட்தான் வண்டியோடு போகும். ஐம்பது, அறுபது வேகன். ஜல்லிக் கல் மேல் நடை. வெயிலில் ரப்பர் செருப்பு இளகிவிடும்.

வெள்ளானூரில் அடுத்தவன் வயலில் கூலிக்குப் போன குடும்பம் எங்களுடையது. இந்த வேலை கிடைத்ததும் ஊரில் மரியாதை கூடியது. எனக்குத் தலைக்கனமும் கூடியது. வேலை அப்போது இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

யார்டு வேலிக்கு வெளியே தினமும் ஒருவன் நிற்பான். முப்பது வயது இருக்கும். திருமுல்லைவாயில் பக்கம் வீடு. யார் முகத்தையும் பார்க்க மாட்டான். விரல்களைக் கண்ணுக்கு முன்னால் ஆட்டிக்கொண்டே இருப்பான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். எல்லோரும் அவனை லூசு என்றுதான் சொன்னார்கள். நானும்தான்.

ஒரு வண்டி உள்ளே வந்து நின்றபோது, தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் ஒருவர், "யோவ், இவன் இன்னாமோ சொல்லிகினே கீறான், கேளு" என்றார். கேட்டேன். வந்து நின்ற வண்டியின் நம்பர்களை வரிசையாக ஒப்பித்துக்கொண்டிருந்தான். என் நோட்டை வைத்துச் சரிபார்த்தேன். ஐம்பத்து நான்கு வேகன். ஒரே ஒரு இடத்தில் வித்தியாசம் வந்தது. போய்ப் பார்த்தால் நான்தான் மூன்றை எட்டாக எழுதியிருந்தேன்.

"மாமே, உன் நாற்காலிய இவனாண்ட குட்த்துட்டு நீ போய் வேலியாண்ட நின்னுக்கோ" என்றார் பாயிண்ட்ஸ்மேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

எரிந்தாலும் கிடைத்த சௌகரியத்தை விடவில்லை. அன்றிலிருந்து நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். வேலி ஓரம் நிழலில் உட்காருவேன். அவன் சொல்வான், நான் எழுதுவேன். குறுக்கே பேசினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான். அதனால் பேசாமல் இருப்பேன். அவனுக்கு நான் கொடுத்த மரியாதை அவ்வளவுதான். நாலு மாதம் இப்படி ஓடியது. என் லிஸ்ட்டில் தப்பே வருவதில்லை என்று மேலதிகாரி மற்றவர்கள் முன்னால் பாராட்டினார். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

ஒரு நாள் காலை பத்து மணி வண்டி. அவன் சொன்னான், எழுதி முடித்தேன், டீ குடிக்கப் போனேன். அந்த நேரத்தில் அச்சு சூடேறியிருந்த ஒரு வேகனைக் கழற்றி, யார்டின் கோடியில் பழுது வண்டிகள் நிற்கும் லைனில் தள்ளிவிட்டார்கள். நான் திரும்பி வந்ததும் அவன் வேலி வழியாகக் கையை விட்டு என் சட்டையைப் பிடித்தான். யாரையும் தொடாதவன் அவன். ஒரே ஒரு நம்பரைத் திரும்பத் திரும்பச் சொன்னான்.

"தெர்யும்டா, எய்திட்டேன், போடா" என்று கையைத் தட்டிவிட்டேன். மறுபடி பிடித்தான். நோட்டாலேயே அவன் மண்டையில் ஒரு அடி வைத்தேன்.

வேகனைக் கழற்றியதாக எழுதி அனுப்பிய சீட்டு என் மேஜையில் இருந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. அந்த வேகன் வண்டியில் இருப்பதாகச் சொல்லும் என் லிஸ்ட்டோடு, அந்த வேகன் இல்லாமலேயே வண்டி போய்விட்டது.

அதில் இருந்தது உரம். போய்ச் சேர வேண்டிய ஊரில் தேடினார்கள். வழியில் இருந்த யார்டுகளில் எல்லாம் தேடினார்கள். பதினோரு நாள் கழித்து விசாரிக்க ஒரு அதிகாரி எங்களிடம் வந்தார். அவர் வருகிறார் என்று தெரிந்த பிறகுதான் மேஜையைக் குடைந்தேன், சீட்டு அகப்பட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். கிழித்துக் கக்கூசில் போட்டேன்.

அதிகாரி யார்டில் நின்று காணாமல் போன வேகனின் நம்பரை உரக்கப் படித்தார். வேலிக்கு அந்தப் பக்கம் அவன் காதில் விழுந்தது. வேலி ஓட்டை வழியாக உள்ளே வந்தான். எங்கள் யாரையும் பார்க்காமல் தண்டவாளங்களைத் தாண்டிக் கோடி லைனுக்கு நேராகப் போனான். முள்செடிகளுக்கு நடுவே நின்ற வேகனின் மேல் உள்ளங்கையை வைத்து அந்த நம்பரைச் சொன்னான்.

அதிகாரி அசந்துவிட்டார். "இவனுக்கு எப்படிய்யா தெரியும்?" என்று என்னைக் கேட்டார்.

"ரூம் கதவு தொறந்தே கெடக்கும் சார். இவன் உள்ள பூந்துகினே இருப்பான். வேகன் கழட்டின சீட்ட இவன்தான் எட்த்துருக்கணும். இல்லாட்டி அது எங்க நிக்கிதுன்னு இவனுக்கு எப்டித் தெரியும்?" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் தயாராக வந்தது. அவன் பக்கத்திலேயே நின்றான். மறுத்துப் பேச அவனுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும்.

நான் தப்பித்தேன். அவனைப் போலீஸ்காரர் ஒருவர் இழுத்துப் போனார். என் கண் எதிரிலேயே இரண்டு அறை விழுந்தது. அழவில்லை, நம்பரைச் சொல்லிக்கொண்டே போனான். இனி தண்டவாளப் பக்கம் பார்த்தால் உள்ளே தள்ளிவிடுவோம் என்று அவன் வீட்டில் எச்சரித்தார்கள். வேலி ஓட்டையை முள் வைத்து அடைத்தார்கள்.

ஒரு வாரத்தில் அவனுடைய அக்கா என்னைத் தேடி வந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் போல்ட் பொறுக்கிப் பிரிக்கிற வேலை அவளுக்கு. கையெல்லாம் எண்ணெய்க் கறை.

"அவன் காயிதத்தலாம் தொட மாட்டான் சார். வண்டி பாக்கறத வுட்டா அவனுக்கு ஒண்ணியும் தெர்யாது. இப்ப ஊட்ல கால கட்டி வெச்சிகினு கீறோம். வண்டி சத்தம் கேட்டா செவுத்துல மண்டய மோதிக்கிறான். நீ ஒரு வார்த்த சொன்னா வேலியாண்ட நிக்க வுட்ருவாங்க. உன்னாண்ட மட்டும்தான் சார் அவன் பேசுவான்" என்றாள்.

நான் தரையைப் பார்த்தேன். அவள் குரலைத் தாழ்த்தி, "அவனாண்ட கேட்டுத்தான் நீ எய்துவேன்னு எனக்குத் தெர்யும். அத நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன் சார்" என்றாள்.

மிரட்டவில்லை அவள். உண்மையாகவே எனக்கு நல்லது நினைத்துச் சொன்னாள். "அதெல்லாம் என் கைல இல்லம்மா" என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

அந்த வருஷக் கடைசியில் வேலை நிரந்தரம் ஆனது. அதற்கப்புறம்தான் அவர்கள் வீட்டைத் தேடிப் போனேன். என்ன பேசுவது என்று கூட யோசித்துவைக்கவில்லை. காலி செய்துகொண்டு போய்விட்டார்கள் என்றார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

இப்போது இதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொல்கிறார்கள். அவர்களில் சிலருக்கு இப்படி அபாரமான ஞாபகம் இருக்குமாம். டிவியில் அதைப் பார்த்தபோது நான் எழுந்து போனதைக் கண்டு என் மகன் காரணம் கேட்டான். சொன்னேன். "அந்தக் காலத்துல இதெல்லாம் யாருக்குப்பா தெரியும்" என்றான், ஆறுதலாக. பெயர் தெரியாது, சரி. ஆனால் அவனுக்கு என்ன தெரியும், எது பறிபோனால் அவன் தாங்க மாட்டான் என்று அந்த யார்டில் தெரிந்திருந்தவன் நான் ஒருவன்தான், அவனைக் காட்டிக்கொடுத்தவனும் நான்தான், அதற்கு ஐம்பது வருஷமாக ஒரு சமாதானமும் எனக்குக் கிடைக்கவில்லை.