ஆரஞ்சு மூக்குத் துப்பாக்கியை விற்றது

விளம்பரம் போட்டு ஐந்து வாரம் ஆகியும் என் துப்பாக்கி விற்கவில்லை. "இன்னும் இருக்கிறதா?" என்று பன்னிரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இருக்கிறது என்று பதில் போட்டதும் பன்னிரண்டு பேரும் மாயமாகிவிட்டார்கள். ஒருவர் பணத்துக்குப் பதிலாக மீன் தொட்டி தருகிறேன் என்றார். மீன் உண்டா என்று எரிச்சலில் கேட்டேன். இல்லை, கூழாங்கல் உண்டு என்று பதில் வந்தது.

பதறாதீர்கள், அது நிஜத் துப்பாக்கி இல்லை. ஏர்சாஃப்ட். பார்க்க நிஜம் போலவே இருக்கும், ஆனால் பேட்டரியில் ஓடும். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் குண்டுகளைத் துப்பும். பட்டால் எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்று இருக்கும். ஜனவரிக் குளிரில் விரல் முட்டியில் பட்டால் மட்டும் கொஞ்ச நேரம் பேச்சு வராது. காலேஜ் பையன்கள், பிளம்பர்கள், பல் டாக்டர்கள், என்னைப் போல் நாற்பது தாண்டிய சாஃப்ட்வேர் ஆட்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை காட்டில் கூடி இதை வைத்துச் சண்டை போடுகிறோம். பைத்தியக்காரத்தனம் என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

கடையில் முந்நூற்று எண்பது டாலர் கொடுத்து வாங்கினேன். அதோடு சும்மா இருந்திருக்க வேண்டும். மோட்டாரை மாற்றினேன், உள்குழாயை மாற்றினேன், ஸ்பிரிங்கை மாற்றினேன். மூன்று வாரக்கடைசிகள் சாப்பாட்டு மேசை முழுக்கத் திருகாணிகள். ஊசி முனை அளவு ஸ்பிரிங் ஒன்று தெறித்து ஓட, நானும் மகளும் சேர்ந்து ஃப்ரிட்ஜையே நகர்த்தித் தேடினோம். இந்த வகையில் இன்னொரு இருநூற்றைம்பது போனது. வீடோ காரோ, நல்லதாக ஏதாவது சேர்த்தால் விலை கூடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்தச் சந்தையில் குறையும். "திறந்திருக்கிறாயா?" என்பதுதான் முதல் கேள்வியே. ஆமாம், உயர்ந்த சாமான் போட்டிருக்கிறேன் என்று சொன்னால், ஏதோ கத்துக்குட்டி கை வைத்துக் கெடுத்தது என்று பாதி விலைக்கு இறங்கிவிடுகிறார்கள். திறக்கவே இல்லை என்று புளுகியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை.

இதைவிட ஆத்திரம் ஒன்று உண்டு. எனக்கு அதை விற்கவே இஷ்டமில்லை.

என்னை இதற்குள் இழுத்துவிட்டவன், டெக்சஸில் இர்விங் என்ற ஊரில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்காரும் சென்னைக்காரன். ஒருநாள் வந்துதான் பாருங்களேன் பாய் என்று நச்சரித்துக் கூட்டிப்போனான். வடக்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் பழைய மாட்டுப் பண்ணை ஒன்று வரும். அதில் ப்ளைவுட் குடிசைகளும் டயர் அடுக்குகளும் முள்மரங்களுமாக ஆடுகளம் அமைத்திருப்பார்கள். வாசலில் ஒவ்வொரு துப்பாக்கியையும் சுட்டுப் பார்த்து வேகம் அளப்பார்கள். அதற்குப் பிறகு நம்மைக் கண்காணிக்க ஆள் கிடையாது. குண்டு அவ்வளவு சின்னது, யார் மேல் பட்டது என்று தூரத்திலிருந்து தெரியாது. பட்டவனே "ஹிட்" என்று கத்தி, கையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடக்க வேண்டும். இந்த ஆட்டத்துக்கு இருக்கும் ஒரே அஸ்திவாரம் அதுதான்.

முதல் நாளே நான் விழுந்தது அந்த இடத்தில்தான். பதினான்கு வருடமாக இந்த நாட்டில் நான் சொல்லும் எதையும் காகிதம் இல்லாமல் ஒருவரும் நம்பியதில்லை. கிரீன் கார்டு ஃபைலுக்காக எங்கள் ஊர் பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேட்டை ஆங்கிலத்தில் பெயர்த்து, அந்தப் பெயர்ப்பு சரிதான் என்று ஒரு சான்றிதழ் வாங்கி, அது போதாது என்று வேறொன்று கேட்டு, என் கல்யாணத்தை நானே பலமுறை நிரூபித்திருக்கிறேன். ஃபைல் இன்னும் நகரவில்லை. அந்த மாட்டுப் பண்ணையில் நான் பட்டது என்றால் பட்டது, படவில்லை என்றால் படவில்லை. எதிரில் நிற்கும் ஆறரை அடி ஆள், சரி என்று தலையாட்டிவிட்டுப் போவான். ஞாயிற்றுக்கிழமைக்காக நான் திங்களிலிருந்தே காத்திருந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கடையில் விற்கும்போது இந்தத் துப்பாக்கிகளின் மூக்கில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு முனை இருக்கும். நிஜமானது இல்லை என்று பார்த்தவுடன் தெரிவதற்காக. வாங்கிய அன்றே ஆட்டக்காரர்கள் அதைக் கழற்றி எறிவார்கள், அல்லது கறுப்பு அடிப்பார்கள். நான் கழற்றவில்லை. அது மட்டுமா, நிறம் மங்கியதும் ஆரஞ்சு பெயின்ட் வாங்கி இன்னொரு பூச்சு பூசினேன். புதருக்குள் எவ்வளவு நன்றாகப் பதுங்கினாலும் மூக்கு மட்டும் வெளியே பளிச்சென்று தெரியும். முதலில் அடி வாங்குவது எப்போதும் நான்தான். களத்தில் எனக்கு கேரட் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதைக் கழற்றாததற்குக் காரணம் என் மனைவி என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை மதியம் காப்பெல் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டின் கராஜ் கதவைத் திறந்து வைத்துத் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நாயோடு நடந்து போன யாரோ பார்த்திருக்கிறார்கள். இருபது நிமிடத்தில் போலீஸ் கார் வந்து நின்றது. கையில் இருப்பதைத் தரையில் வைத்துவிட்டு, கைகள் தெரியும்படி வெளியே வரச் சொன்னார் அந்த ஆபீசர். குரலில் அதட்டல் கிடையாது. பிறகு அவரே அதை எடுத்துப் பார்த்து, தன் மருமகனும் இது ஆடுவான் என்றார். என் பெயரைக் கேட்டார், எழுத்துக் கூட்டச் சொன்னார், குறித்துக்கொண்டார், நல்ல நாளாகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாம் ஐந்து நிமிடம். உள்ளே ஜன்னல் திரைக்குப் பின்னால் மனைவி மகளின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். மகள், "இட்ஸ் ஜஸ்ட் எ டாய், அத்தா" என்றாள், எனக்குச் சொல்கிறாளா அவளுக்கே சொல்லிக்கொள்கிறாளா என்று தெரியாத குரலில்.

அன்றைக்கு மனைவி சமைக்கவில்லை. சோபாவில் உட்கார்ந்தபடி சொன்னாள். "இன்னைக்கு வந்தவரு நல்லவரு. அடுத்து வர்றவரு உங்க பேரக் கேக்கறதுக்கு முன்னாடியே ஏதாவது பண்ணிட்டா? நான் யார்கிட்ட போய் இது பொம்மைன்னு எக்ஸ்ப்ளெயின் பண்ணுவேன்?"

நான் விடவில்லை. இது டெக்சஸ், இடுப்பில் நிஜத் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு கடையில் தக்காளி பொறுக்குகிறார்கள், என் பொம்மைக்கு மூக்கில் ஆரஞ்சு வேறு என்று வாதாடினேன். சென்னைக்காரனைப் பார், தோளில் மாட்டிக்கொண்டே வீட்டிலிருந்து காருக்கு நடக்கிறான், பக்கத்து வீட்டுக்காரனோடு நின்று புல்வெட்டும் மெஷினைப் பற்றிப் பேசுகிறான், அவனும் என் நிறம்தானே என்றேன். அவர் வேறு நீங்கள் வேறு என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"பயம் உனக்குத்தான். எனக்கு இல்ல. உன் பயத்துக்கு ஏத்த மாதிரி நான் ஏன் வாழணும்?" என்றேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் இதே வாக்கியத்தை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

சமாதானமாக ஒரு வழி கண்டுபிடித்தேன். யாரோ கழித்துக்கட்டிய கிடார் பெட்டி ஒன்றை வாங்கி, துப்பாக்கியை அதற்குள் வைத்துக் காருக்கு எடுத்துப் போனேன். ஏழெட்டு ஞாயிறு நிம்மதியாகப் போனது. பிறகு ஒரு விருந்தில், எங்கள் தெருக் கோடியில் இருக்கும் ஆன்ட்டி எல்லார் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார். வாராவாரம் கிடார் கிளாஸ் போகிறீர்களே, தமிழ்ச் சங்க விழாவுக்கு இரண்டு பாட்டு வாசித்தால் என்ன என்றார். இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன் என்று வழிந்தேன். அதைக் கேட்ட இன்னொருவர், பரவாயில்லை, மற்றவர் பாடும்போது பின்னால் கிடாரில் சும்மா கார்ட்ஸ் மட்டும் வாசியுங்கள், அது போதும் என்றார். வீடு திரும்பும்போது மனைவி காரில் சிரிக்கக்கூட இல்லை. உள்ளே இருப்பது ஒன்று, வெளியே தெரிவது ஒன்று என்றால் பார்க்கிறவனுக்கு அது இன்னும் மோசமாகத்தான் படும், விற்றுவிடுங்கள் என்றாள். அவள் சொன்னது நியாயம் என்பதுதான் எனக்கு மேலும் கடுப்பாக இருந்தது.

ஆக, விளம்பரம். ஆறாவது வாரம் ஒரு ஆள் கிடைத்தான். முப்பது வயதிருக்கும், மேற்கே ஏதோ சின்ன ஊர். நூற்றெழுபது டாலர் தருகிறேன், மளிகைக் கடை பார்க்கிங் லாட்டில் சந்திப்போம் என்று எழுதினான். இந்தச் சாமான் எல்லாம் அப்படித்தான் கை மாறுகிறது. கார் டிக்கியைத் திறப்பார்கள், எடுத்துப் பார்ப்பார்கள், தோளில் வைத்துக் குறி பார்ப்பார்கள், பக்கத்தில் ஒரு குடும்பம் பால் பாக்கெட்டோடு நடந்து போய்க்கொண்டிருக்கும். நான் வர முடியாது, களத்துக்கு வா என்று பதில் போட்டேன். ஏன் என்று கேட்டான். என் மனைவிக்குப் பிடிக்காது என்று எழுதினேன். உண்மையில் இதைப் பற்றி அவளிடம் நான் கேட்கவே இல்லை.

அந்த ஞாயிறு அவன் மதியம்தான் வருவதாக இருந்ததால் காலை முழுவதும் ஆடினேன். கடைசி ஆட்டத்தில் டயர் அடுக்குக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்தபோது சட்டைக் கையில் ஏதோ உரசியது. குண்டாக இருக்கலாம், முள்ளாகவும் இருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. எழுந்து "ஹிட்" என்று கத்தினேன், தேவைக்கு அதிகமாகவே. கையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தபோது இரண்டு தடவை நின்று களத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் சாமானுக்காக இந்த வயதில் இப்படியா என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

வாங்க வந்தவன் நல்ல பையன்தான். நாலைந்து குண்டு சுட்டுப் பார்த்தான், பணத்தைக் கொடுத்தான், சென்னைக்காரனிடம் ஒரு இடுக்கி வாங்கினான். என் கண்ணெதிரிலேயே ஆரஞ்சு மூக்கைப் பிடித்து இரண்டு திருகு திருகிக் கழற்றிக் குப்பைப் பீப்பாயில் போட்டான். இதை ஏன் இத்தனை நாள் வைத்திருந்தாய் என்று கேட்டான். பழக்கம் என்றேன். கிடார் பெட்டியை இலவசமாக நீட்டினேன், வேண்டாம் என்றான். அவனுடைய சிவப்பு டிரக்கின் முன் சீட்டில் துப்பாக்கியைச் செங்குத்தாகச் சாய்த்து, சீட் பெல்ட்டையும் மாட்டிவிட்டுக் கிளம்பிப் போனான்.

சென்னைக்காரன் என் தோளைத் தட்டினான். "விடுங்க பாய், வாடகை கன்ல வந்து ஆடுங்க. வீட்டுக்கே எடுத்துட்டுப் போக வேணாம்." யோசிக்கிறேன் என்றேன். அது மோசமான யோசனை இல்லை.

நாலு மைல் தாண்டி ஒரு கேஸ் ஸ்டேஷன். என் காரில் டேங்க் காலி என்று விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் உள்ளே திருப்பினேன். முதல் பம்ப்பில் அதே சிவப்பு டிரக் நின்றது. கண்ணாடிக்குள் கறுப்பு மூக்கு நேராக மேலே நின்றது. அதற்கு அடுத்த பம்ப்பில் ஒரு போலீஸ் கார். நான் மூன்றாவது பம்ப்பில் நிறுத்தினேன்.

ஆபீசர் டிரக்கின் உள்ளே எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார். பையன் சிரித்தபடி கதவைத் திறந்து அதை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தான். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார், கன்னத்தில் வைத்துத் தரையைக் குறி பார்த்தார், எடையை மெச்சுகிற மாதிரி தலையை ஆட்டினார். ஒரு கையில் பெட்ரோல் குழாய், இன்னொரு கையில் சோடா என்று அந்தப் பையன் நின்றிருந்தான். அப்போது அவன் என்னைப் பார்த்துவிட்டான். இதை எனக்கு விற்றவர் அவர்தான் என்பது போல என்னைக் காட்டினான். ஆபீசரும் திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்தினார். முகத்தில் சிரிப்பு, சந்தேகமே இல்லை. இறங்கி வந்து பேசு என்கிற சிரிப்பு.

என் கை கதவுப் பிடியில்தான் இருந்தது. நான் போட்டிருந்தது இலைப்பச்சை பேன்ட். பின் சீட்டில் காலிப் பெட்டி. என்னிடம் ஒரு பிளாஸ்டிக் குண்டுகூட இல்லை. இறங்கினால் இரண்டு நிமிடப் பேச்சு, எந்த மோட்டார் போட்டேன், எவ்வளவு தூரம் சுடும் என்று நான் பெருமையாகச் சொல்லியிருக்கலாம். கை பிடியை இழுக்கவில்லை. பல் தெரியச் சிரித்தேன். பதிலுக்குக் கையை ஆட்டினேன். அவசர வேலை இருப்பவன் போல மணிக்கட்டைத் தட்டிக் காட்டினேன், அதில் வாட்ச் கிடையாது. வண்டியைப் பின்னால் எடுத்து வெளியே வந்து, ஒரு சொட்டு பெட்ரோல் போடாமல் ஃப்ரீவேயில் ஏறினேன். அடுத்த ஸ்டேஷன் வரும்வரை அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

வீட்டில் மனைவி விற்றாயிற்றா என்று கேட்டாள். ஆயிற்று என்றேன். சாப்பாடு எடுத்து வைத்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு, எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்காக வித்துட்டோம்னு கடுப்புல இருக்கீங்க. பரவால்ல, என் மேலயே பழியப் போடுங்க. எல்லார்கிட்டயும் அப்படியே சொல்லிக்குங்க," என்றாள்.

"உனக்காக இல்ல," என்றேன்.

யாருக்காக என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.