பட்டியலில் மூன்றாவது பெயர்

கால்பந்து சீசன் தொடங்கும் முன்பு, இந்த ஆண்டு கவனிக்க வேண்டிய கல்லூரி வீரர்கள் என்று யாராவது ஒரு பட்டியல் போட்டுவிடுகிறார்கள். இப்போது அது கைபேசியிலேயே வந்து விழுகிறது. நான் திறப்பதில்லை. ஒரு காலத்தில் அப்படியொரு பட்டியலை மனப்பாடமாக ஒப்பித்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அதில் மூன்றாவது பெயர் என் மாமாவுடையது.

மாமா, அம்மாவின் ஒரே தம்பி. குமரி மாவட்டத்துக் கடற்கரையில் வெறுங்காலோடு பந்தடித்துப் பழகி, அந்தக் காலை வைத்தே கல்லூரியில் இடம் வாங்கியவர். நாங்கள் துபாயில், சத்வாவில், ஒரு தையல் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தோம். அம்மா ஒரு கிளினிக்கில் நர்ஸ். அப்பா ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஏசி டெக்னீஷியன். பத்து வருடமாக அதே டெக்னீஷியன்.

மாமாவின் கடைசி வருடத்தில்தான் ஊர்ப் பத்திரிகை ஒன்று அந்தப் பட்டியலைப் போட்டது. ஐந்து பேர், ஐந்து படங்கள். இடது ஓரத்தில் இவரைப் பிடிக்க ஆளில்லை, இந்த முறை மாநில அணிக்குப் போவார் என்று மாமாவைப் பற்றி எழுதியிருந்தார்கள். அம்மா அந்தப் படத்தைப் பார்த்து அழுதாள். அப்பா அதை ஆபீசில் பிரதி எடுத்து, லேமினேட் செய்து, தன் மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

அந்த மேனேஜருக்குப் பந்துப் பைத்தியம். வெள்ளிக்கிழமைகளில் கம்பெனிகளுக்குள் ஆட்டம் நடக்கும். அவருடைய அணி தோற்பதற்கென்றே பிறந்தது. படத்தைப் பார்த்ததும் அவர் அப்பாவை உட்காரச் சொன்னாராம். பத்து வருடத்தில் முதல் தடவை. வீட்டுக்கு வந்து இதைத்தான் அப்பா முதலில் சொன்னார். மாமாவுக்குக் கம்பெனி விசா தருமாம், பேருக்கு ஸ்டோரில் வேலையாம், வெள்ளிக்கிழமை ஆடினால் போதுமாம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மாமா தயங்கினார். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது. “எக்கா, இந்த சீசன் மட்டும் முடியட்டு. ஸ்டேட் டீம்ல வந்தா ரெயில்வேல எடுப்பாங்கன்னு கோச் சார் சொல்லுகாரு.”

“மச்சான், சீசன் வருசா வருசம் வரும். விசா வருமா?” என்றார் அப்பா.

மூன்று நாள் இப்படியே போயிற்று. ஒரு வருடம் விட்டுவிடலாமே என்று அம்மாகூடச் சொல்லிப் பார்த்தாள். நான்காம் நாள் அப்பா என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போய் ஷவர்மா வாங்கித் தந்தார். நான் தின்று முடிக்கும்வரை காத்திருந்து, கைபேசியில் மாமாவின் எண்ணை அழுத்தி என் கையில் கொடுத்தார். “நீ கூப்பிட்டா மாமா வருவான். உனக்காக வருவான்.”

நான் கூப்பிட்டேன். யாரும் எனக்கு அழச் சொல்லித் தரவில்லை, உண்மையாகவே அழுதேன். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மட்டும் கிடைக்கிற மாமா எனக்கு வருடம் முழுவதும் வேண்டியிருந்தார். “மாமா, ப்ளீஸ் கம். இங்க வந்து பந்தடிங்க.”

 “சரி மக்களே, மாமா வாறேன்” என்றார்.

அவரை வரவழைத்தது நான்தான் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மாமா வந்தார், ஆடினார். இரண்டு மாதத்தில் கோப்பையும் வந்தது. கடைசி ஆட்டம் முடிந்ததும் மேனேஜர் மைதானத்துக்குள் ஓடிவந்து அப்பாவைத்தான் கட்டிப்பிடித்தார். கோல் போட்டவர் பக்கத்தில் நின்று காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் அப்பா சூப்பர்வைசர் ஆனார். கம்பெனி அவருக்கு ஒரு வெள்ளைக் கார் கொடுத்தது.

அதன் பிறகு மேனேஜர் கத்தாருக்கு மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவருக்குப் பந்து பிடிக்காது. ஸ்டோரில் இரண்டு பேர் எதற்கு என்று கேட்டார். ராஸ் அல் கைமாவில் இருந்த கம்பெனியின் டைல்ஸ் தொழிற்சாலைக்கு ஆள் தேவைப்பட்டது. கலாஸ், பேச்சு முடிந்தது.

அங்கே போவதற்கு முந்தைய நாள் மாமா வீட்டுக்கு வந்தார். “அத்தான், ஒரு வார்த்த சொல்லுங்க. ஸ்டோர் வேலன்னுதான வந்தேன்.”

“புது ஆளு. இப்ப போய்ப் பேசினா என்னையும் சேத்துப் பாப்பான். நேரம் பாத்துச் சொல்லுகேன்.”

“அப்ப கம்பெனி வாங்கி வச்ச பாஸ்போர்ட்டயாவது வாங்கித் தாங்க. நான் போறேன். சார் இன்னும் என் பேர வெட்டல்ல. சீசன் முடிய ரெண்டு மாசம் கெடக்கு.”

அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அம்மா சமையல் மூலையில் திரும்பி நின்றபடி, ஏற்கெனவே கழுவிய தட்டை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, மீன்குழம்பு எடுத்துக்கொண்டு மூவரும் காரில் ராஸ் அல் கைமா போனோம். நான் ஒரு புதுப் பந்தும் கொண்டுபோனேன். தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் வாசலில் மாமா காத்திருந்தார். அவர் புருவத்திலெல்லாம் வெள்ளையாகத் தூள் படிந்திருந்தது. மாமாவுக்கு நரைத்துவிட்டது என்று சொல்லி நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அவர் கைபேசியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். அவருடைய கல்லூரி ஆட்டம். இடது ஓரத்தில் வேறொருவன் ஓடிக்கொண்டிருந்தான்.

“இது அஞ்சாவது பேருதானே மாமா?”

“அவந்தான். நல்லா ஆடுகான்” என்று கைபேசியைப் பைக்குள் வைத்தார்.

பந்தை நீட்டினேன். டூட்டி முடிந்து வந்தால் கால் எழும்பவில்லை என்றார். யூ ப்ராமிஸ்ட் என்று நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். அவர் அப்படி எதையும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் எழுந்தார். இரும்பு முனை வைத்த பாதுகாப்பு ஷூவோடு பந்தைத் தரையில் விடாமல் காலால் தட்டித் தட்டி நிறுத்தினார். கேம்பின் கட்டில்களிலிருந்து ஆட்கள் எழுந்து வந்து, “சபாஷ் பாய்” என்று கைதட்டினார்கள். நான் சத்தமாக எண்ணினேன். நாற்பதைத் தாண்டியபோது அவர் பந்தைக் கையில் பிடித்து, என்னிடம் தந்துவிட்டு, மீன்குழம்புப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அப்பாவிடம் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

அந்த ஆண்டு மாநில அணிக்கு ஐந்தாவது பெயர்க்காரன் போனான், அதன் வழியாக ரெயில்வேக்கும். மாமா ஒப்பந்தம் முடியும்வரை இரண்டு வருடம் டைல்ஸ் அடுக்கிவிட்டு ஊருக்குப் போனார். இப்போது படகு எஞ்சின் பழுது பார்க்கிறார். படிப்பு பாதியில் நின்றது நின்றதுதான். என்னிடம் எப்போதும்போல் அன்பாகப் பேசுகிறார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்த்துப் பேச வருவதில்லை.

அன்று கேம்பிலிருந்து கிளம்பும்போது அப்பா காரில் ஏறி முன்கதவை உள்ளிருந்து திறந்துவிட்டார். அம்மா அதைச் சாத்திவிட்டு, பின்கதவைத் திறந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“முன்னால வா” என்றார் அப்பா.

அம்மா பின்கதவைச் சாத்திக்கொண்டாள். சத்வா வந்து சேரும்வரை அந்த முன்சீட் காலியாகவே வந்தது. அம்மா எனக்காகத்தான் பின்னால் வந்திருக்கிறாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவள் மடியில் தலை வைத்து, புதுக் காரில் கால்களை நன்றாக நீட்டிப் படுத்துத் தூங்கிப்போனேன்.