கடல் அமைதி என்று நான் சொன்ன நாள்

மூன்று வருடங்களுக்கு முன்னர், ஓகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இத்தாலியின் பலேர்மோவில் நடந்தது இது. நான் இங்கே ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மா ஒருவரின், வீட்டில் வேலை செய்கிறேன். கிழமையில் ஒருநாள்தான் ஓய்வு. அன்று நகரத்துக்கு வடக்கே இருக்கும் பாறைக் கரையில் தூண்டில் போடப் போய்விடுவேன். அதை எனக்குப் பழக்கிவிட்டவர் மன்னாரைச் சேர்ந்த ஒரு நண்பர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன்.

கோடையில் இங்கே மீன் பிடிப்பது லேசில்லை. வெயில் ஏறினால் கரையோரத் தண்ணீர் சூடாகி, மீன்கள் ஆழத்துக்குப் போய்விடும். குளிக்க வருகிறவர்களின் கூச்சல் வேறு. நல்ல தூண்டில் தடி, நல்ல தூண்டில் நரம்பு எல்லாம் வைத்திருந்தும் நான் அநேகமாக வெறுங்கையோடுதான் திரும்புவேன். அவரோ பழைய தடியோடு எனக்குப் பக்கத்திலேயே நின்று, ஒராத்தா என்கிற வெள்ளி மீன்களை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துப் போடுவார். போகும்போது இரண்டை என் பையில் வைத்துவிடுவார். அதைப் பொரித்துக்கொண்டே என் மனைவி, "அந்த அண்ணைக்கு நல்ல கைராசி" என்பாள். எனக்குச் சோறு இறங்காது. பாறையில் நிற்கும் இத்தாலியக் கிழவர்கள் அவரை 'மாயெஸ்த்ரோ', அதாவது ஆசான், என்று கூப்பிடத் தொடங்கியபோது, இரண்டு கிழமை நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அந்த ஞாயிறு காலை அவர் ஃபோன் எடுத்தார். இத்தாலியன் வாசிக்க அவருக்கு வராது. வானிலையை எப்போதும் என்னிடம்தான் கேட்பார்.

"தம்பி, இண்டைக்குக் கடல் எப்பிடியாம்? வெளிப்பாறைக்குப் போகப் பாக்கிறன்."

நான் அதைக் காலையிலேயே பார்த்திருந்தேன். மதியத்தோடு ஷிரோக்கோ என்கிற தென்காற்று ஓய்ந்து, வடமேல் காற்றுப் பலமாகத் திரும்பும் என்று இருந்தது. ஷிரோக்கோ தெற்கே தரைப்பக்கத்திலிருந்து அடிக்கும்வரை எங்கள் கரையில் கடல் தட்டுப்போலக் கிடக்கும். காற்றுத் திரும்பினால் கொஞ்ச நேரத்திலேயே அலை பாறைக்கு மேல் ஏறிவிடும்.

"ஓம் அண்ணை, கடல் அமைதிதான். பயமில்லாமல் போங்கோ" என்றேன்.

அவருக்கு ஏதும் நடக்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒருநாளாவது நனைந்து, வெறும் பையோடு வரட்டும் என்றுதான் நினைத்தேன்.

அன்று நான் கரைக்குப் போகவில்லை. மதியம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யன்னல் கதவு படாரென்று அடித்தது. அவருக்கு ஃபோன் எடுத்தேன், பதில் இல்லை. கையைக்கூடக் கழுவாமல் ஸ்கூட்டரில் ஓடினேன்.

கடலுக்குள் நீண்டுகிடக்கும் வெளிப்பாறையின் நுனியில் அவர் நின்றார். தடி வளைந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்படி ஒரு பெரிய மீன் அவருக்குமே பட்டதில்லை. அதை விட மனமில்லாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் கத்தியது காற்றில் போய்விட்டது. செருப்புக் காலோடு பாறையில் இறங்கினேன். பக்கவாட்டில் வந்த அலை ஒன்று என்னைச் சரித்து, விளிம்புவரை இழுத்துக்கொண்டு போனது. அவர் தடியை எறிந்துவிட்டுப் பாய்ந்து என் சட்டையைப் பிடித்தார். இரண்டு பேரும் தவழ்ந்து மேலே ஏறினோம்.

அவருடைய தடி அலையோடு போவதைப் பார்த்தேன். 'அந்த மீன் அவருக்குக் கிடைக்கவில்லை.' சத்தியமாக, என் மனதில் முதலில் வந்தது அந்தச் சந்தோஷம்தான். அவருடைய கை அப்போதும் என் சட்டையை விட்டிருக்கவில்லை. எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது.

"அண்ணை, காத்துத் திரும்பும் எண்டு எனக்குக் காலமையே தெரியும்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"உங்களுக்கு மட்டும் மீன் படுகுது. பாக்கப் பொறுக்கேல்லை."

அவர் கையை எடுத்தார். "எனக்கு ரெண்டு பிள்ளையள் இருக்கு, தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

மூன்று மாதம் அவர் என்னோடு கதைக்கவில்லை. மழை தொடங்கிய பிறகு ஒரு ஞாயிறு, நான் சைவ சமயத்தவன் என்றாலும், அவர் போகும் தேவாலய வாசலில் பூசை முடியும்வரை நின்றேன். வெளியே வந்தவர் என்னைக் கண்டு நின்றார். அவர்தான் முதலில் கேட்டார்:

"சாப்பிட்டியோ?"

இப்போதும் சேர்ந்துதான் போகிறோம். இப்போதும் அவருக்குத்தான் மீன் படுகிறது. எனக்கு உள்ளே எரியத்தான் செய்கிறது. ஆனால் அந்த எரிச்சலின் பேச்சைக் கேட்டு வாயைத் திறந்தால் அது ஒரு மனிதனின் உயிர்வரை போகும் என்பதை, என்னை இழுத்தெடுத்த அந்தக் கையிடமிருந்துதான் அறிந்துகொண்டேன்.