ஒரே கூட்டுக் குஞ்சுகள்

எண்பதுகளின் நடுவில் மதுரையில் டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்தேன். பகல் முழுக்கக் காதில் பேச்சு. வீட்டுக்கு வந்தால் ஒரு சத்தமும் பிடிக்காது. அப்படிப்பட்டவள் ஒருநாள் பறவைக் கடை வாசலில், காக்கட்டீல் என்கிற சின்னக் கிளி ஒன்று சீட்டியடிப்பதைக் கேட்டு நின்றுவிட்டேன். சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் கொண்டை. ஆணும் பெண்ணுமாக இரண்டை வாங்கி வந்தேன்.

மறு வருடம் பெண் பறவை நான்கு முட்டையிட்டது. இரண்டு பொரிக்கவே இல்லை. பொரித்ததில் ஒன்று அன்றே போய்விட்டது. மற்றது கால் இரண்டும் விரிந்து, எழுந்து நிற்க முடியாமல் ஒன்பது நாள் தவித்துச் செத்தது. கால்நடை மருத்துவரிடம் சொன்னபோது, "ரெண்டையும் எங்கேம்மா வாங்குனீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். கூடப் பிறந்ததுகள் ஜோடி சேர்ந்தால் குஞ்சு இப்படி ஊனமாகலாம் என்றார்.

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "ஒரே கூட்டுக் குஞ்சுகதான்க்கா. பறவைக்கு என்ன அண்ணன், தங்கச்சி?" என்று சிரித்தார்.

அன்று மாலையே இரண்டையும் தனித்தனிக் கூண்டில் விட்டேன். இரண்டும் கத்தித் தீர்த்தன. கப்பலூர் ஃபேக்டரியிலிருந்து வந்த கணவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"இம்புட்டு கத்துதுக. சேத்து விட்டாத்தான் என்ன?"

"சேத்தா மறுபடி முட்டையிடும். இன்னொரு குஞ்சை அந்தக் கோலத்துல நான் பாக்க மாட்டேன்."

சோழவந்தானில் ஒரு டீச்சரிடம் துணையை இழந்த ஆண் காக்கட்டீல் இருப்பதாக எங்கள் ஆபீஸில் ஒருத்தி சொன்னாள். மாற்றிக்கொள்ளக் கேட்கலாம் என்று, ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆண் பறவையைச் சின்னக் கூண்டில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். டீச்சர் தனியாக இருந்தார். "எனக்குப் பேச்சுத்துணை அது ஒண்ணுதாம்மா. தர முடியாது" என்றார். செத்த குஞ்சைப் பற்றிச் சொன்னேன். டீச்சர் என் மடியிலிருந்த கூண்டைப் பார்த்தார்.

"இதை இங்க விட்டுட்டு என்னோடதைக் கொண்டு போங்க. ஒத்துவரலைன்னா திருப்பிக் கொண்டாந்துரணும்."

புதியவனின் கூண்டை முதலில் வேறு அறையில் வைத்தேன். நோய் ஏதுமில்லை என்று தெரிந்த பிறகே பெண் பறவையின் பக்கத்தில் வைத்தேன். அவன் நாளெல்லாம் பாடினான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒருநாள் கம்பி வழியாக அவன் கால்விரலைக் கடித்தே விட்டாள். "பொண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கலை" என்றார் கணவர். "பிடிக்கிற வரைக்கும் கதவைத் திறக்க மாட்டேன்" என்றேன். தினம் முளைகட்டிய பயறும் கீரையும் வைத்தேன். கொத்துவதற்குக் சுண்ணாம்புச் சத்துள்ள கணவாய் மீன் ஓடு தொங்கவிட்டேன். இரண்டு மாதம் போனது. ஒரு காலை, அவள் கம்பியோரம் தலையைக் குனிந்து கொடுக்க, அவன் அவள் கொண்டையைக் கோதிக்கொண்டிருந்தான். அன்றுதான் கதவைத் திறந்தேன்.

ஐந்து முட்டையில் நான்கு பொரித்தன. நான்கும் கால் ஊன்றி நின்ற நாளில், சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். டீச்சருக்குக் கடிதம் போட்டேன். அவர் வந்து ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்துவிட்டு, "இவன் அப்பனைவிடச் சத்தமா இருக்கானே" என்றார்.

குஞ்சுகளை நான்கு வீடுகளுக்குக் கொடுத்தேன். ஜோடியாகக் கேட்டவர்களிடம் இல்லையென்றே சொல்லிவிட்டேன்.

குஞ்சுகளின் அம்மாவோ உடனே மறுபடி முட்டையிடத் தயாரானாள். உடம்பு மெலிந்திருந்தது. முட்டையிடக் கூண்டு மூலையில் மாட்டியிருந்த கூட்டுப் பெட்டியைக் கழற்றி எடுத்துவிட்டேன். ஒரு வாரம் அந்த மூலையையே சுற்றிச்சுற்றி வந்து, என் விரலைக் கொத்தினாள். கொத்தட்டும் என்று இருந்தேன். அந்த வருடம் முழுக்கப் பெட்டி பரணில்தான் கிடந்தது.