டம்ளரில் வந்த சீனிச்சாமி

ராசிங்காபுரத்து அன்னக்கொடியின் தாலியை அறுத்தது எமன் அல்ல, ஓர் எவர்சில்வர் டம்ளர். கேட்பவர்கள் சிரிப்பார்கள். பக்கத்து வீட்டில் இருந்து பார்த்த எனக்குச் சிரிப்பு வராது.

அவள் புருசன் சீனிச்சாமி எழுபத்து நாலில் போடிமெட்டு ஜீப்பில் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போனான். மூன்று வருடம் ஒரு கடுதாசி இல்லை. அவன் போகும்போது ஏழு வயதாயிருந்த மகள் சந்திரவல்லியை வைத்துக்கொண்டு, போடியில் ஏலக்காய் பொறுக்கிப் பிழைத்தாள் அன்னக்கொடி. இருக்கிறானா செத்தானா என்று தெரியாமல், பூ வைப்பதா வேண்டாமா என்று தினமும் திண்டாடினாள்.

கொழுந்தன் மொக்கையன்தான் அவளைப் பொன்னுமணி வீட்டுக்குக் கூட்டிப் போனான். பொன்னுமணி எஸ்டேட்டில் கணக்கெழுதி ஓய்ந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கேரம் போர்டைச் சுற்றி இங்கிலீஷ் எழுத்துகளை எழுதி, டம்ளரைக் கவிழ்த்து ஆவிகளை வரவழைப்பார்.

"இதுக்குப் பேரு சேயான்ஸ்மா. பிரெஞ்சு வார்த்தை. உக்காருறதுன்னுதான் அர்த்தம். அங்க சட்டசபை கூடுனாலும் இதே பேருதான்" என்றாராம்.

பொருத்தமான பேர்தான். நாலு ஆம்பளைகள் உட்கார்ந்து சொல்லிவிட்டால் நம் ஊரிலும் அது சட்டம்தானே.

மூவரும் விரல் வைத்தார்கள். டம்ளர் நகர்ந்தது. அன்னக்கொடிக்குத் தமிழ் எழுத்தே தெரியாது, இங்கிலீஷுக்கு எங்கே போவாள்? மொக்கையன்தான் கூட்டிப் படித்தான். "மண்ணு சரிஞ்சு செத்துட்டேன். அழாத. பிள்ளையப் பாத்துக்க."

"ரொம்ப வலிச்சுச்சா?" என்று மட்டும் அவள் கேட்டாள். இல்லை என்றது டம்ளர்.

கூடவே இருந்த காலத்தில் சீனிச்சாமி இவ்வளவு கனிவாகப் பேசியதில்லை. அந்த நாலு வார்த்தையை எங்களிடம் ஆயிரம் தரம் சொல்லியிருப்பாள். எட்டு வருடம் அதை வைத்துத்தான் வெள்ளைச் சேலையோடு காலம் தள்ளினாள்.

எண்பத்தைந்து தையில் சந்திரவல்லிக்குக் கல்யாணம். மகள் கழுத்தில் தாலி ஏறுவதை ஓரமாக நின்றாவது பார்க்கவேண்டும் என்று ஊர்ப் பெரியவர் ஒச்சப்பனிடம் கெஞ்சினாள். "சகுனம் இடிக்கும் ஆத்தா" என்று சொல்லி அடுப்படிக்கு அனுப்பிவிட்டார். அரிசி மூட்டை இறக்கப் போன நானும் அங்கேதான் இருந்தேன்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஜீப்பு வந்து நின்றது. தொந்தியும் கைக்கடிகாரமுமாகச் சீனிச்சாமி இறங்கினான். "மோளுக்குக் கல்யாணம்னு டிரைவர் சொன்னான்" என்றான் மலையாளம் கலந்து, ஏதோ நேற்றுப் போனவன் மாதிரி. ஒருவர்கூட அவனை ஏனென்று கேட்கவில்லை. துண்டு போட்டு மணவறைக்கு ஏற்றினார்கள்.

ஒச்சப்பன் பூவோடு அடுப்படிக்கு ஓடிவந்தார். "ஆத்தா, ஒம் புருசன் உசுரோட வந்துட்டான். வெரசா பூவும் பொட்டும் வச்சுக்கிட்டு வா. சோடியா நின்னு தார வாத்துக் குடுங்க."

அன்னக்கொடி வாசலில் நின்ற மொக்கையனைப் பார்த்தாள். "என்ன மொக்கையா இது?"

அவன் தலை நிமிரவில்லை. "அண்ணன் வண்டன்மேட்டுல வேற குடும்பம் வச்சிருந்துச்சு மதினி. கால்ல விழுந்து கூப்பிட்டேன், வரல. ஒங்கள வாழாவெட்டின்னு ஊரு பேசுறதுக்கு முண்டச்சின்னு பேசட்டும்னு நான்தான் டம்ளரத் தள்ளுனேன்."

"அழாதன்னதும் நீதானா?"

"நான்தான் மதினி."

"அப்ப அந்தாளு எங்கிட்ட ஒரு வார்த்தகூடப் பேசல" என்றாள். பிறகு ஒச்சப்பனிடம், "பூவக் கொண்டுபோங்க மாமா" என்றாள்.

"மகளப் பாக்க வேணாமா ஆத்தா?"

"பாக்கணும். இந்த வெள்ளச் சேலையோடவே வாரேன், விடுவீகளா?"

ஒச்சப்பன் பூவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கெட்டிமேளம் கொட்டியபோது அவள் அடுப்படித் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மகள் கழுத்தில் தாலி ஏறியதை அவள் பார்க்கவில்லை. பதினோரு வருடம் எட்டிப் பார்க்காதவன் பக்கத்தில் நின்று பார்த்தான்.